பொள்ளாச்சி ரூட் தனியார் பஸ்ஸும் எங்க ஊரு கடைசி ட்ரிப்பும் – 11 வருசமா போய்ட்டு வர்றவளோட ரிவ்யூ

வாரத்துல ஆறு நாளு, 11 வருசமா இந்த ரூட்ல போய்ட்டு வரேனுங்க, அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க. எங்க ஊரு பொள்ளாச்சில இருந்து 16 கிலோமீட்டர் உள்ளார, நாலு பக்கமும் தென்னந்தோப்பு. காலைல 7.10க்கு ஊருல இருந்து கவர்மென்ட் டவுன் பஸ், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல எறங்கி கோயம்புத்தூர் போற தனியார் பஸ், உக்கடத்துல எறங்கி இன்னொரு டவுன் பஸ், 9.30க்கு பம்ப்செட் கம்பெனில கணக்கு சீட்டுல உக்காந்தரோணும். சாயங்காலம் அதே வழி திரும்பி வந்து பொள்ளாச்சில 9.05க்கு கடைசி டவுன் பஸ்ஸப் புடிக்கோணும். அத விட்டா ஊருக்குப் போக வேற வழியில்ல. அதனால ஒரே நாள்ல தனியாரு, கவர்மென்ட் ரெண்டுலயும் உக்காந்து வர்றவ நானு, ரெண்டையும் சேத்தே எழுதறேன்.

இப்ப ஏன் எழுதறேன்னா எங்க ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல தினமும் இதே பேச்சுத்தான், கவர்மென்ட் பஸ்ஸு நஷ்டம் நஷ்டம், மொத்தமா தனியாருகிட்ட குடுத்துட்டா நாடு உருப்படும்னு. பேசற அண்ணன் நல்ல மனுசருதான், பைக்ல வர்றவரு. நான் அவருகிட்ட சொல்ல நெனைச்சத இங்க முழுசா சொல்லிப்போடறேன்.

முதல்ல தனியார் பஸ். நல்லத நல்லதுன்னு சொல்லோணும். கோயம்புத்தூர் – பொள்ளாச்சி 40 கிலோமீட்டர் ரூட்டு இருக்குதே, இந்த அளவுக்கு பஸ் வசதி தமிழ்நாட்டுல எத்தன எடத்துல இருக்கும்னு தெரியல, ஒரு வண்டி கண்ணுக்கு மறையறதுக்குள்ள அடுத்த வண்டி பின்னாடி வந்து நிக்கும். வண்டிக சுத்தம், சீட்டு கிழிஞ்சிருக்காது, கண்ணாடி இழுத்தா நகரும், மழ பேஞ்சா உள்ள ஒழுகாது. காலைல ஏறுனா முருகர் படத்துக்கு புது மாலை, ஊதுபத்தி வாசம், டிரைவருக்குப் பின்னாடி ரெண்டு வரிசைக்குக் கேக்கற மாதிரி பாட்டு. கண்டக்டர் தம்பிக ஏறும்போதே "வாங்க்கா, உள்ள எடமிருக்குங்க"ன்னு கூப்புட்டு பையக்கூட வாங்கி மேல வெப்பாங்க. சில்லறை பிரச்சனை பண்ணமாட்டாங்க. ஒரு தடவ என்ற டிபன் பாக்ஸ் பைய விட்டுட்டு எறங்கிட்டேன், அடுத்த நாள் காலைல அதே கண்டக்டர் கழுவி வெச்ச டப்பாவ எடுத்துக் குடுத்தாரு, இதையெல்லாம் மறக்கமுடியாதுங்க.

இந்த மண்ணுல பஸ்ஸு ஓட்டறது நேத்து வந்த தொழில் இல்ல. 1920ல ஜி.டி.நாயுடு ஒத்த பஸ்ஸ வெச்சு பொள்ளாச்சி – பழனி ரூட்ல ஆரம்பிச்சாரு, அப்புறம் அது யு.எம்.எஸ்.னு பெரிய கம்பெனியா வளந்துச்சு. நேரத்துக்கு எடுக்கறது, வண்டிய வீட்டுப் பொருள் மாதிரி பாத்துக்கறது, இதெல்லாம் அந்தக் காலத்துல இருந்தே இங்க வர்ற பழக்கம்னுதான் நான் நெனைக்கறேன். 1972ல கலைஞர் ஆட்சில பஸ்ஸ அரசுடமை ஆக்குனப்ப கோயம்புத்தூருக்கு சேரன் போக்குவரத்துக் கழகம் வந்துச்சு, பின்னாடி ஈரோட்டுக்கு ஜீவா. 1997ல பேரெல்லாம் எடுத்துட்டு ஒரே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆக்குனாங்க, ஆனாலும் எங்க அம்முச்சி, அதாவது அம்மாவப் பெத்த ஆத்தா, இன்னிக்கும் "சேரன் வந்துருச்சா கண்ணு"ன்னுதான் கேக்கும். அரசுடமை ஆனப்பவும் சின்ன முதலாளிகளோட பெர்மிட்டு பல எடத்துல அப்படியே ஓடுச்சு, அதுனாலதான் நம்ம பக்கம் ரெண்டும் கலந்து கெடக்குது.

இப்ப கொற. இதையும் சொல்லித்தான் ஆகோணும்.

போன வருசம் பொள்ளாச்சி சந்தைக்குப் போய்ட்டு அம்முச்சிய கூட்டிக்கிட்டு கெணத்துக்கடவுல ஒரம்பரை வீட்டுக்குப் போலாம்னு ஒரு தனியார் வண்டில ஏறப்போனோம். கீழ நின்ன தம்பி "கெணத்துக்கடவா? வண்டி எடுக்கறப்ப ஏறிக்கோங்க ஆத்தா, இப்ப கோயம்புத்தூர் ஃபுல் டிக்கெட் மட்டும்"னுட்டான். உள்ள பாத்தா பத்துப் பன்னெண்டு சீட்டு சும்மா கெடக்குது. அம்முச்சிக்கு 78 வயசு, முட்டி வலி, கைல ஒரு கூடை, வெயில்ல கால் மணி நேரம் நின்னுச்சு. வண்டி நகர ஆரம்பிச்சப்பறம் ஓடி ஏறச் சொன்னாங்க, ஏறவே முடியல, நாங்க பின்னாடி வந்த கவர்மென்ட் வண்டில போனோம். எந்த வண்டின்னு பேரு போட மாட்டேன், ஏன்னா இது ஒரு வண்டியோட பழக்கம் இல்ல, நடுவழில எறங்கறவங்கள நெறய எடத்துல இப்படித்தான் நடத்தறாங்க. அந்தத் தம்பி மேலயும் எனக்குக் கோவம் இல்லீங்க. அவனுக்கு அன்னன்னிக்குச் சம்பளம், மேல பேட்டா, பேட்டா கலெக்சனப் பொறுத்து. கோயம்புத்தூர் டிக்கெட் உக்கார வேண்டிய சீட்டுல கெணத்துக்கடவு டிக்கெட் உக்காந்தா அவன் வீட்டு அரிசில கொறையும். பின்னாடி வர்ற வண்டி முந்திருமோன்னு டிரைவர் அடிச்சு ஓட்டறதும் அதே கணக்குத்தான். ஈச்சனாரி தாண்டுனதும் ரெண்டு வண்டி ஒண்ணையொண்ணு முந்த, நான் முன்னாடி சீட்டுக் கம்பிய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு கண்ண மூடுன நாள் நெறய இருக்குது.

டெல்லில இதே கதை பெருசா நடந்துருக்குதுங்க. 1992ல ரெட்லைன்னு தனியாருக்குத் தெறந்துவிட்டாங்க, ஆக்சிடென்ட் மேல ஆக்சிடென்ட், பேர ப்ளூலைன்னு மாத்துனாங்க, பேரு மாறுனா பேட்டா மாறுமா, ஆளு செத்துக்கிட்டேதான் இருந்தாங்க, கடைசில 2010 காமன்வெல்த் போட்டி சமயத்துல இருந்து ஒண்ணொண்ணா ஓரங்கட்டுனாங்க. சிலி நாட்டுல சாண்டியாகோன்னு தலைநகரம், 1980கள்ல யாரு வேணா எந்த ரூட்ல வேணா பஸ் விடலாம், டிக்கெட்டும் அவங்களே வெச்சுக்கலாம்னு விட்டாங்க. போட்டி வந்தா வெல எறங்கும்னுதான நாம படிச்சுருக்கறோம், அங்க பஸ்ஸும் கூடுச்சு டிக்கெட்டும் கூடவே ஏறுச்சு, பாதி காலியா வண்டிக ரோட்ட அடைச்சுக்கிட்டு நின்னுதாம். பஸ் ஸ்டாப்புல நிக்கறவ மழைல ரெண்டு வண்டிக்கு வெல கேட்டுப் பாத்து ஏறவா போறா, வந்த வண்டில ஏறுவா, அவ்வளவுதான்.

சரி, கவர்மென்ட் டவுன் பஸ்ஸுக்கு வரேன்.

வசதின்னு பாத்தா மார்க் போடவே முடியாதுங்க. எங்க ஊரு வண்டில மூணாவது படிக்கட்டுத் தகடு தேஞ்சு வழுவழுன்னு இருக்கும், மழ காலத்துல சன்னல் ஷட்டர் பாதில நின்னுக்கும், வலது பக்கம் நாலாவது சீட்டுக்கு மேல ஒழுகும், தெரிஞ்சவங்க அங்க உக்காரமாட்டாங்க. ஏத்தத்துல கியர் மாத்துனா வண்டியே கனைக்கும். சில டிரைவருங்க கை காட்டுனாலும் நிறுத்தாம போவாங்க, அதும் வெறும் பொம்பளைக கூட்டமா நின்னா. 2021 மே மாசம் பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல இலவசம்னு ஆனதுல இருந்து "ஓசி"ன்னு ஒரு சொல்லு காதுல விழும். அது மனசுல தைக்கும். நான் அந்த டிக்கெட்ட வாங்கறப்ப தலை குனியறதில்ல, ஆனா எங்கூட ஏர்ற தேங்காய் உரிமட்டை ஷெட்டுக்குப் போற அக்காவுக அந்தச் சொல்லக் கேட்டு மூஞ்சி சுருங்கறத பாத்துருக்கறேன். அந்த அக்காவுகளுக்கு ஒரு மாசத்துக்கு மிச்சமாகற பஸ் காசு புள்ளைக்கு ஒரு ஜோடி செருப்பு, சிலிண்டருக்குப் பாதி. இத கணக்கு எழுதறவளா எனக்கு நல்லா தெரியும்.

ஆனா இந்த வண்டிக்கு ஒரு விசயம் இருக்குது. நைட் ஹால்ட். 9.05க்கு பொள்ளாச்சில எடுத்து 9.45க்கு எங்க ஊரு மாரியம்மன் கோயில் முன்னாடி வந்து நின்னா அது காலைல 5.30க்குத்தான் கெளம்பும். டிரைவரும் கண்டக்டரும் அங்கயே வண்டில சீட்டுக்கு நடுவுல துண்ட விரிச்சுப் படுத்துக்குவாங்க. அம்முச்சி ஒரு சொம்புல தண்ணியும் கொசுவத்தியும் கொண்டுபோய்க் குடுக்கும், காலைல அஞ்சு மணிக்கு எங்க வீட்டுத் திண்ணைல உக்காந்து ரெண்டு பேரும் வரக்காப்பி குடிச்சுட்டுப் போவாங்க. அந்த 5.30 வண்டில யாரு போறாங்க தெரியுங்களா, சித்தாள் வேலைக்கு கோயம்புத்தூர் போறவங்க, ஜி.ஹெச்.ல டோக்கன் வாங்கோணும்னு போற வயசானவங்க, பூக்காரம்மா, அப்புறம் +2 டியூசனுக்குப் போற ரெண்டு புள்ளைக. எண்ணிப் பாத்தா 20 பேரு தேறாது. ராத்திரி கடைசி ட்ரிப்புல 12 பேரு இருந்தா பெருசு. டீசல் காசுகூட தேறாதுன்னு கண்டக்டர் அண்ணனே சொல்லுவாரு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அந்தக் கடைசி ட்ரிப்ப நிறுத்திட்டாங்க. ஆளு பத்தல, டிரைவர் இல்லன்னு சொன்னாங்க. மூணு வாரம். மூணு வாரமும் பொள்ளாச்சில இருந்து ஆட்டோவுக்கு 400 ரூவா, நாலு பேரு சேந்தா 100, சேரலைன்னா நானே 400. ஒரு நாளு ஆட்டோவும் கெடைக்காம பாதி வழி பால் வண்டில வந்து, மீதிய எங்கண்ணன் டார்ச் லைட் எடுத்துக்கிட்டு எதுக்க வந்து கூட்டிட்டுப் போனாரு. எங்க பக்கத்து வீட்டுப் புள்ளைய பொழுதோட வீடு சேர முடியலன்னு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க, ஜவுளிக்கடைல நல்ல வேலை, இன்னும் அந்தப் புள்ள திரும்பப் போகல.

அப்ப நாங்க என்ன பண்ணோம்னா ஒரு வெள்ளைத் தாள்ல மனு எழுதி 60 பேரு கையெழுத்து வாங்கி டெப்போவுக்குப் போனோம், கேக்கல. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுத்தோம். எம்.எல்.ஏ. ஆபீஸ்லயும் ஒரு காப்பி. அம்முச்சியும் வந்து வரிசைல நின்னுச்சு. மூணாவது வாரம் முடிஞ்சு செவ்வாக்கெழம ராத்திரி 9.45க்கு ஹாரன் சத்தம் கேட்டப்ப எங்க தெருவுல எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, நோம்பிக்கு சாமி வந்த மாதிரி.

நான் ஆபீஸ் அண்ணனுகிட்ட கேக்கோணும்னு நெனைக்கறது இதுதான். வித்துட்டா அந்த மனுவ யாருகிட்ட குடுக்கறது? முதலாளி "எனக்குக் கட்டுபடியாகல"ன்னு சொன்னா அது நியாயமான பதிலுங்க, அவருக்கு வண்டிக் கடன் இருக்குது, டேக்ஸ் இருக்குது, 12 பேருக்காக அவரு ஏன் ராத்திரி ஓட்டோணும். 2020 லாக்டவுன் தளந்தப்ப பாத்தோமே, சீட்டு முழுசா நெரப்பக்கூடாதுன்னதும் தனியார் வண்டிக ரொம்ப நாளு ஷெட்ட விட்டு வரல, அவங்கள தப்பு சொல்ல முடியாது, ஆனா வேலைக்குப் போக ரோட்டுல நின்னவளுக்கு வந்த வண்டி கவர்மென்ட் வண்டிதான்.

நஷ்டம்னு சொல்றாங்களே, அந்த நஷ்டம் எப்புடி வருதுன்னு கொஞ்சம் பாக்கோணும். நல்லா ஓடற மெயின் ரோட்டுல தனியாரும் இருக்கறாங்க, கூட்டம் அவங்களுக்கும் பங்காகுது. சாளைக்கும் காட்டுக்கும் வால்பாறை மலைக்கும் போற ரூட்டு கவர்மென்ட் தலைல. ஒரு குடும்பத்துல பாசன வயல ஒருத்தனுக்கும் மேட்டாங்காட்ட இன்னொருத்தனுக்கும் பிரிச்சுக் குடுத்துட்டு, மேட்டாங்காட்டுக்காரனப் பாத்து நீ ஏன்டா வெள்ளாமை எடுக்கலன்னு கேக்கறது மாதிரி இருக்குது. அதுக்கு மேல டிக்கெட் வெல 2018 ஜனவரில ஏத்துனது, புறநகர் சாதாரண பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 58 பைசா. அப்ப டீசல் 65 ரூவா சுத்தி இருந்துச்சு, அப்புறம் 90ஐத் தாண்டிருச்சு. தனியார் முதலாளிகளும் இதே டிக்கெட்ல ஓட்டி நொந்து போய்த்தான் கெடக்கறாங்க, அதும் கோயம்புத்தூர் டவுனுக்குள்ள ஓட்டறவங்களுக்கு இலவசம் வந்தப்பறம் பொம்பளைக கூட்டமே கொறஞ்சு போச்சு, அவங்க கஷ்டமும் கஷ்டம்தான். ஓட்டறவங்க வயித்துல அடிச்சு டிக்கெட்ட கொறச்சு வெக்கறதும் சரியில்ல. ரிட்டயர்டு ஆன டிரைவருங்க அகவிலைப்படி கேட்டு வருசக்கணக்கா நடக்கறாங்க, 2018 ஜனவரிலயும் 2024 ஜனவரிலயும் ஸ்ட்ரைக் நடந்தப்ப இதெல்லாம்தான் கோரிக்கை.

வித்தவங்க கதை ரெண்டு சொல்றேன், நம்மளுக்குப் பக்கத்துலயே இருக்குது. மத்தியப் பிரதேசத்துல 2005ல அரசு பஸ் கழகத்தையே மூடிட்டாங்க. எல்லாம் தனியாருதான். 20 வருசம் கழிச்சு, உள் கிராமத்துக்கெல்லாம் பஸ் போகோணும்னு மறுபடியும் கவர்மென்ட்டே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்குது.

இலங்கை கதை இன்னும் தெளிவா இருக்கும். அங்க 1958ல பஸ்ஸ தேசியமயம் ஆக்குனாங்க, சி.டி.பி., சிலோன் டிரான்ஸ்போர்ட் போர்டுன்னு சொல்லுவாங்களே அது. 1979ல தனியார உள்ள விட்டாங்க. 90கள்ல டெப்போக்கள கம்பெனி கம்பெனியா பிரிச்சு தொழிலாளிகளுக்கும் பங்கு குடுத்து "மக்கள்மயம்"னு பேரு வெச்சாங்க. சரிப்படல, 2005ல எல்லாத்தையும் திரும்பச் சேத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை ஆக்குனாங்க. இதுல என் மனசுல நின்னது எதுன்னா, தனியார் வண்டிக கூட்டம் இருக்கற நேரம் கூட்டம் இருக்கற ரோட்டுல ஓடுச்சு, பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கும் கிராமத்துக்கும் ராத்திரிக்கும் வண்டி இல்ல. அப்புறம் கவர்மென்ட் தனித்தனியா காசு குடுத்து மூணு சேவை ஆரம்பிக்க வேண்டியதாச்சு, பள்ளிப் புள்ளைகளுக்கு சிசு சரிய, கிராமத்துக்கு கெமி சரிய, ராத்திரிக்கு நிசி சரிய. எங்க ஊரு ஒத்த வண்டி, 7.10க்குப் புள்ளைகள ஏத்துது, கிராமத்துக்குள்ள வருது, ராத்திரியும் வருது. அந்த மூணையும் அது ஏற்கனவே பண்ணிக்கிட்டுத்தான் இருக்குது, நஷ்டம்னு பேரு மட்டும் வாங்கிக்கிட்டு.

தனியாருன்னாலே ஆகாதுன்னு நான் சொல்லலீங்க. போன் விசயத்துல என்னாச்சுன்னு நாமளே பாத்தோம், எங்க வீட்டுக்கு லேண்ட்லைன் கேட்டு அப்பா வருசக்கணக்கா காத்திருந்தாரு, இன்னிக்கு அம்முச்சி கையில போன் இருக்குது. அர்ஜென்டினாவுல புவனஸ் அயர்ஸ் தண்ணி வினியோகத்த 1993ல தனியாருக்குக் குடுத்தாங்க, அந்த நாட்டுல தனியாருக்குப் போன ஊருகள்ல ரொம்ப ஏழைங்க இருக்கற பகுதில சின்னக் கொழந்தைக சாவு 26 சதவீதம் கொறஞ்சதா ஆராய்ச்சில வந்துருக்குது, ஏழைங்க வீட்டுக்கும் குழாய் போனதுதான் காரணம். அதே மாதிரி பொலிவியாவுல கொச்சபாம்பாங்கற ஊருல 2000ல தண்ணி வெலைய ஏத்தி ஊரே தெருவுக்கு வந்து கம்பெனி ஓடிப்போச்சு. என்ன எழுதிக் குடுத்தாங்க, யாரு வீட்டுக்குப் போகோணும்னு எழுதிக் குடுத்தாங்க, அதுலதான் இருக்குது எல்லாம்.

பஸ்ஸுலயும் அப்படி ஒரு வழி இருக்குது. கொலம்பியாவுல பொகோட்டாங்கற ஊருல 2000 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, வண்டி தனியாரோடது, ஆனா எந்த ரூட்டு எத்தன மணிக்குன்னு சொல்றது கவர்மென்ட், ஓட்டுன கிலோமீட்டருக்குக் காசு, எத்தன பேரு ஏறுனாங்கன்னு பாத்து இல்ல. அப்ப பேட்டாவுக்காக முந்திக்கிட்டு ஓட வேண்டியதில்ல, கெணத்துக்கடவு டிக்கெட்ட வெயில்ல நிறுத்த வேண்டியதில்ல. சென்னைல 2025 ஜூன்ல விட்ட 120 எலக்ட்ரிக் பஸ்ஸும் இந்த மாதிரி ஒப்பந்தந்தான், டிரைவர் தனியாரு, கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகம். நாளைக்கு நம்ம பக்கமும் அது வரலாம். வந்தா ஒப்பந்தத் தாள்ல எங்க ஊரு 9.05ம் 5.30ம் எழுதியிருக்கோணும், ஓட்டலைன்னா அபராதம் எவ்வளவுன்னும் எழுதியிருக்கோணும், எந்த ஆபீஸ்ல மனு குடுக்கறதுன்னும் போட்டிருக்கோணும். அப்படி இருந்தா வண்டி யாரோடதுன்னு நான் பாக்கமாட்டேன், ஒழுகாத வண்டியா வந்தா சந்தோசமா ஏறுவேன்.

மார்க் போடோணும்னா மெயின் ரோடு தனியார் பஸ்ஸுக்கு அஞ்சுக்கு நாலு. அந்த ஒண்ணு, வெயில்ல நின்ன அம்முச்சிக்காகவும் ஈச்சனாரில கண்ண மூடுன நாளுகளுக்காகவும் கொறச்சது. எங்க ஊரு டவுன் பஸ்ஸுக்கு வசதிக்கு ரெண்டு, ராத்திரி வந்து நிக்கறதுக்கு அஞ்சு. ரெண்டையும் கூட்டி சராசரி எடுக்க எனக்கு மனசு வரல.

புதுசா இந்த ரூட்ல வேலைக்குப் போறவங்களுக்கு, முக்கியமா பொண்ணுகளுக்கு: உக்கடத்துல 7.15க்கு மேல ஏறுனா பொள்ளாச்சில கடைசி டவுன் பஸ்ஸுக்கு நெருக்கமாயிரும், அதுக்கு முன்னாடியே ஏறிருங்க. தனியார் வண்டில டிரைவருக்கு நேர் பின்னாடி சீட்டு வேண்டாம், நடுவுல உக்காருங்க. நடுவழில எறங்கறவங்களா இருந்தா, கூட்டம் இல்லாத நேரம் கவர்மென்ட் வண்டிக்கே நில்லுங்க, உக்காரச் சொல்லுவாங்க. உங்க ஊரு ட்ரிப்ப நிறுத்துனா ஆட்டோவுக்குப் பழகிராதீங்க, முதல் வாரமே மனு எழுதுங்க, பஸ் நம்பரும் நேரமும் போட்டு, எத்தன பள்ளிக்கூடப் புள்ளைக எத்தன வேலைக்குப் போற பொம்பளைகன்னு எண்ணிக்கை போட்டு எழுதுங்க. நாங்க குடுத்த மனுவோட காப்பி எங்கிட்ட இருக்குது, வேணுங்கறவங்க கேளுங்க, அனுப்பறேன்.